உறைபனிக் காலத்தில் தோட்டக் குளத்து மீன்கள்: அறிகுறியைக் கண்டு பிழை நீக்கும் வழிமுறை

தோட்டக் குளங்களில் வளர்க்கப்படும் தங்கமீன், கோய் முதலிய கெண்டை இனத்து மீன்கள் வெறும் குளிரால் மடிவது அரிது. குளிர்காலத்தில் அவற்றின் உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் இரண்டு. பனிக்கட்டிக்கு அடியில் வெளியேற வழியின்றித் தேங்கும் வாயுக்கள் ஒன்று. பதற்றத்தில் நாம் செய்யும் அவசர வேலைகள் மற்றொன்று. ஆகவே எதைச் செய்ய வேண்டும் என்பதோடு எதில் கை வைக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே ஒவ்வொரு அறிகுறியின் கீழும் தந்திருக்கிறேன்.

எந்த அறிகுறி தென்பட்டாலும் முதலில் குளத்தின் அடிப்பகுதி வெப்பநிலையை அளந்துவிட வேண்டும். தண்ணீர் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தியாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்த நீர் இலேசாகி மேலே வந்துவிடும். மேற்பரப்பு உறைந்து கிடக்கும்போதும் அடியில் 4 டிகிரியை ஒட்டிய நீர் ஓர் அடுக்காகத் தங்கியிருப்பதற்கும், மீன்கள் குளிர்காலம் முழுவதையும் அந்த அடுக்கிலேயே கழிப்பதற்கும் இதுவே காரணம். கரையோரத்தில் வெப்பமானியை நனைத்துப் பார்த்துவிட்டு 1 டிகிரி என்று அஞ்சுவதில் பொருளில்லை. கம்பி முனையில் உணர்வி உள்ள வெப்பமானியின் முனையோடு சிறு கல்லைக் கட்டி, மிக ஆழமான இடத்தில் இறக்கிச் சில நிமிடங்கள் விட்டுப் பார்க்க வேண்டும். அங்கே 4 டிகிரி இருந்தால் மீன்களின் இருப்பிடம் பாதுகாப்பாக இருக்கிறது என்று கொள்ளலாம். 2 டிகிரி அல்லது அதற்கும் கீழே என்றால் குளத்தின் ஆழம் போதவில்லை, அல்லது ஏதோ ஒன்று நீரைக் கலக்கிக்கொண்டிருக்கிறது.

குளம் முழுவதும் பனிக்கட்டி மூடிவிட்டது

ஓரிரண்டு நாள் மூடியிருப்பதால் ஆபத்து எதுவும் வந்துவிடாது. குளிர்ந்த நீர் அதிக ஆக்சிஜனைத் தாங்கும்: 25 டிகிரியில் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் கரையும் இடத்தில் 4 டிகிரியில் 13 மில்லிகிராம் வரை கரையும். மீனின் தேவையோ அப்போது மிகக் குறைவு. எனவே ஆபத்து குளிரின் கடுமையைப் பொறுத்ததன்று, மூடியிருக்கும் நாட்களின் எண்ணிக்கையையும் அடியில் கிடக்கும் சருகின் அளவையும் பொறுத்தது. மட்கும் இலைகள் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளியிடுகின்றன. சேறு தடித்த இடங்களில் ஆக்சிஜன் தீர்ந்த பின் ஹைட்ரஜன் சல்ஃபைடும் மீத்தேனும் உருவாகின்றன. மூடி போட்ட குளத்தில் இவை போக இடமில்லை.

பனிக்கட்டியைச் சுத்தியலாலோ கடப்பாரையாலோ உடைக்கக் கூடாது. அடியின் அதிர்வு நீரினூடாக மீன்களை நேரே சென்று தாக்கும். அசைவை உணர்வதற்கென்றே உடலின் இரு பக்கமும் நரம்புக் கோடு கொண்ட உயிரினத்துக்கு அது சாதாரண சத்தமன்று. அரைத் தூக்க நிலையில் கிடக்கும் மீன் அதிர்ந்து எழுந்து ஓடினால், வசந்தம் வரை வைத்திருக்க வேண்டிய சேமிப்பில் ஒரு பகுதியை அங்கேயே செலவழித்துவிடும். கொதிநீரை நேரடியாக ஊற்றுவதும் ஆகாது.

சரியான முறை எளியது. கனமான அடிப்பாகம் உள்ள உலோகப் பாத்திரத்தின் கைப்பிடியில் கயிறு கட்டி, அதில் வெந்நீர் நிரப்பிப் பனிக்கட்டியின் மேல் வைக்க வேண்டும். நீர் ஆறியதும் மாற்றி ஊற்ற வேண்டும். தடித்த பனிக்கட்டிக்கு இப்படிப் பலமுறை மாற்ற நேரிடும். கடைசியில் பாத்திரம் திடீரென்று உள்ளே இறங்கும்போதுதான் கயிற்றின் அருமை தெரியும். கரையிலிருந்து கை எட்டும் இடத்தில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். தோட்டக் குளத்துப் பனிக்கட்டியின் மீது யாரும் கால் வைக்கக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் குளத்தைச் சுற்றித் தடுப்பு இருந்தே ஆக வேண்டும்.

திறந்த துளை இரவில் மீண்டும் மூடிக்கொள்ளும். அதைத் திறந்தே வைக்க மிதக்கும் பனிநீக்கி ஹீட்டரோ ஏர் பம்போ தேவை. இவ்வகை ஹீட்டர் குளத்தைச் சூடாக்குவதற்கானதன்று, தன்னைச் சுற்றி ஒரு வளையத்தை உறையாமல் வைப்பதற்கானது. வாங்கியவர்களில் பலர் நீர் சூடாகவில்லை என்று குறைபடுவது இதை அறியாததால்தான். பந்து மிதக்கவிடுவது இலேசான உறைபனிக்கு உதவும், கடுங்குளிரில் பந்தும் சேர்ந்து உறைந்துவிடும். சிமெண்ட் குளமாக இருந்தால் பந்தோ மரக்கட்டையோ மிதப்பதில் வேறொரு பயன் உண்டு: உறையும்போது விரியும் பனிக்கட்டியின் அழுத்தத்தில் ஒரு பகுதியை அது வாங்கிக்கொள்வதால் சுவர் விரிசல் விடும் வாய்ப்பு குறைகிறது.

துளை ஒரு முதலுதவியே என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சருகு மண்டிய, மீன் நெருக்கமான குளத்தில் தட்டளவு துளையால் பெரிய மாற்றம் நிகழாது. இலையுதிர் காலத்தில் வலை விரித்து இலைகளை விழாமல் தடுத்தவர்களும், உறைபனிக்கு முன்பே சேற்றை அள்ளியவர்களும் துளையைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. பனிக்கட்டியின் மேல் பனிப்பொழிவு படிந்திருந்தால் நீண்ட கைப்பிடியுள்ள துடைப்பத்தால் கரையிலிருந்தபடியே பாதிப் பரப்பையாவது கூட்டிவிட வேண்டும். தெளிந்த பனிக்கட்டியினூடே வெளிச்சம் போகும், நீருக்கடியில் பசுமையாக நிற்கும் செடிகள் பகலில் ஆக்சிஜன் தரும். மேலே படிந்த வெண்பனி அந்த வெளிச்சத்தைத் தடுத்துவிடும். பனிக்கட்டியை உருக்கச் சாலையில் தூவும் உப்பையோ உறைதடுப்புத் திரவத்தையோ ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

மீன்கள் அடியில் அசையாமல் கிடக்கின்றன

நீர் 8 டிகிரிக்குக் கீழே போன பிறகு இது இயல்பு நிலை. முதுகு மேலாக, துடுப்புகளை உடலோடு ஒட்டி வைத்து, கூட்டமாக ஒரே திசை நோக்கி நிற்கும் மீன்களிடம் குறையொன்றுமில்லை. செவுள் மூடி மெதுவாகத் திறந்து மூடுகிறதா என்பதை மட்டும் பார்த்தால் போதும். அதன் வேகம் கோடைக்காலத்து வேகத்தில் ஒரு சிறு பங்காகத்தான் இருக்கும். ஒரு நிமிடமாவது கண்ணெடுக்காமல் பார்த்தால்தான் அசைவு புலப்படும். உயிரோடிருக்கிறதா என்று குச்சியால் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

துளையின் அருகே மேலே வந்து வாயைத் திறந்து மூடுகின்றன

இந்த அறிகுறிக்கு மட்டும் உடனே எழுந்து செல்ல வேண்டும். உறைபனிக் காலத்தில் மீன் அடியை விட்டு மேலே வருவதே அசாதாரணம்; வந்து காற்றை விழுங்குகிறது என்றால் ஆக்சிஜன் குறைந்திருக்கிறது, அல்லது கரியமில வாயு மிகுந்து, நீரில் உள்ள ஆக்சிஜனையும் இரத்தம் ஏற்க முடியாமல் தடுக்கிறது. துளையருகே குனிந்து முகர்ந்து பார்க்க வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. சேற்றைக் கிளறாமல் வேலை செய்ய வேண்டும் என்பதற்கான எச்சரிக்கையும் அதுவே.

ஏர் பம்பை இயக்கி, ஏர் ஸ்டோனை (குழாய் முனையில் காற்றைக் குமிழிகளாக விடும் நுண்துளைக் கல்லை) மேற்பரப்புக்குக் கீழே ஏறத்தாழ 20 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் தொங்கவிட வேண்டும். அடியில் வைத்தால் குமிழிகள் 4 டிகிரி நீரை மேலே ஏற்றி, 1 டிகிரி நீரைக் கீழே இறக்கிவிடும்; ஆக்சிஜன் கிடைக்கும், இருப்பிடம் பறிபோகும். பம்பை நீர்மட்டத்துக்கு மேலே, மழையும் பனியும் படாத பெட்டிக்குள் காற்றோட்டத்துடன் வைக்க வேண்டும். கீழே வைக்க நேர்ந்தால் குழாயில் ஒருவழி வால்வு கட்டாயம். இல்லையென்றால் மின்தடை நேரத்தில் குளத்து நீர் குழாய் வழியே திரும்பிப் பம்புக்குள் வந்துவிடும். வெளியில் போகும் எல்லா மின்சாதனங்களும் மின்கசிவுத் துண்டிப்பான் உள்ள இணைப்பிலிருந்தே செல்ல வேண்டும்.

பம்ப் ஓடும் சத்தம் கேட்டும் குமிழி வரவில்லையானால், குழாயினுள் காற்றின் ஈரம் படிந்து உறைந்திருக்கக் கூடும். குழாய் தாழ்ந்து வளையும் இடங்களில்தான் இந்த அடைப்பு விழும். வெதுவெதுப்பான துணியை அங்கே சுற்றி வைத்தால் சில நிமிடங்களில் விலகும். பிறகு வளைவில்லாமல் சரிவாகப் போகும்படி குழாயைத் திருத்திக் கட்ட வேண்டும்.

இதனுடன் குளத்து நீரில் பத்தில் ஒரு பங்கை மாற்றுவதும் உதவும். புதிய நீரில் குளோரின் நீக்கும் திரவத்தைச் சேர்த்து, குளத்து நீரின் வெப்பநிலையை ஒட்டியதாக ஆறவைத்து, மெதுவாக ஊற்ற வேண்டும். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவையும், நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவையும் ஒரு முறை சோதிக்கலாம். சோதனைத் திரவங்கள் குளிரில் மெதுவாக நிறம் மாறும் என்பதால் மாதிரி நீரை வீட்டுக்குள் கொண்டுவந்து அறை வெப்பத்துக்கு வரவிட்டுச் சோதிக்க வேண்டும். கிடைத்த எண்ணைக் குளத்தின் வெப்பநிலையோடு சேர்த்துப் படிக்க வேண்டும்: பிஎச் 8 என்று வைத்துக்கொண்டால், 20 டிகிரியில் மொத்த அம்மோனியாவில் ஏறத்தாழ 4 சதவீதம் நச்சு வடிவில் இருக்கும், 5 டிகிரியில் அது 1 சதவீதத்தை ஒட்டியே நிற்கும். ஃபில்டரில் வாழ்ந்து அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிரிகள் குளிரில் வேலையைக் குறைத்துக்கொண்டாலும் குளிர்காலத்தில் அம்மோனியாச் சாவு அரிதாக இருப்பதற்கு இதுவும், மீன் உண்ணாமலிருப்பதும் காரணங்கள்.

எல்லா மீனும் இந்த நெருக்கடியை ஒரே மாதிரித் தாங்குவதில்லை. தங்கமீனும் அதன் நெருங்கிய உறவான குரூசியன் கெண்டையும் ஆக்சிஜனே இல்லாத நீரில் தசைகளில் எத்தனாலை உருவாக்கி, அதைச் செவுள் வழியே வெளியேற்றி நெடுநேரம் உயிர் தாங்கக் கூடியவை. ஆய்வாளர்கள் இதை 1980 இல் பதிவு செய்தார்கள். உண்மையில் சாராயம் காய்ச்சிப் பிழைக்கும் மீன்கள் அவை. கோய்க்கு அந்த அளவு தாங்கும் சக்தி கிடையாது. இரண்டும் கலந்த குளத்தில் தங்கமீன் அமைதியாக இருப்பதை வைத்துக் கோய்க்கும் ஆபத்தில்லை என்று முடிவு செய்வது தவறு.

மீன் ஒருபுறமாகச் சாய்ந்து கிடக்கிறது

அடிப்பகுதி வெப்பநிலையை மீண்டும் பார்க்க வேண்டும். 4 டிகிரிக்குக் கீழே போயிருந்தால், குறிப்பாகக் கோய் மீன்கள் நிலைகுலைந்து படுத்துவிடுவதுண்டு. காரணம் பெரும்பாலும் நீரைக் கலக்கும் ஏதோ ஒன்றாக இருக்கும்: அடியில் வைத்த பம்ப், ஓடிக்கொண்டிருக்கும் அருவி, ஆழத்தில் விட்ட ஏர் ஸ்டோன். அவற்றை நிறுத்தியோ மேலே தூக்கியோ வைத்து, குளத்தின் ஒரு பகுதியை நுரைத்தகடுகளால் மூடி, காற்றுப் போக இடைவெளி விட்டால் வெப்பநிலை மெல்ல மீளக்கூடும். ஒராண்டா, ரான்சு, பிளாக் மூர் போன்ற உருண்டை உடல் தங்கமீன் வகைகள் இப்படிப் படுத்திருந்தால் அவை உறைபனிக் குளத்துக்கு உரியவையே அல்ல என்பதுதான் பதில். அடுத்த ஆண்டு இலை உதிரத் தொடங்கும் முன்பே அவற்றை உள்ளே கொண்டுபோய்விட வேண்டும்.

படுத்திருக்கும் மீனை உடனே வீட்டுக்குள் கொண்டுவந்து 20 டிகிரி தொட்டியில் விடுவது, குளிரில் பிழைத்ததை வெப்பத்தில் கொல்வதாகும். மூடியுள்ள பெரிய தொட்டியில் குளத்து நீரையே நிரப்பி, சூடேற்றாத அறையிலோ வண்டிக் கொட்டகையிலோ வைத்து, காற்றுச் செலுத்தி, நாளொன்றுக்கு ஓரிரு டிகிரிக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 10 டிகிரியை எட்டும்போது பெரும்பாலானவை நிமிர்ந்துவிடும். உள்ளே வந்த மீனைக் குளிர் முடியும் முன் திரும்ப வெளியே விடக் கூடாது.

அடிப்பகுதி 4 டிகிரிக்கு மேல் இருந்தும் ஒரே ஒரு மீன் மட்டும் சாய்ந்திருந்தால் அது காற்றுப்பைக் கோளாறாகவோ உள்நோயாகவோ இருக்கலாம். குளிர் முடியும்வரை அதற்குச் செய்யக் கூடியது குறைவு.

இடையில் ஒரு வெயில் நாளில் மீன்கள் மேலே வந்து உணவு கேட்கின்றன

கொடுக்க வேண்டாம். கெண்டை இனத்துக்கு வயிறு என்ற உறுப்பே கிடையாது, நீண்ட குடல் மட்டுமே உண்டு. தின்றது செரிக்க வெப்பம் வேண்டும். மதியம் 9 டிகிரியில் தின்றது இரவு 4 டிகிரிக்கு இறங்கும்போது குடலிலேயே தங்கிவிடும். நீர் 10 டிகிரிக்கு மேல் தொடர்ந்து ஒரு வாரமாவது நின்ற பிறகு, கோதுமை முளை சேர்ந்த எளிதில் செரிக்கும் தீவனத்தைச் சிறிது சிறிதாகத் தொடங்கலாம். நல்ல உடற்கட்டோடு குளிருக்குள் போன மீன் சில மாதங்கள் பட்டினி கிடப்பது அதன் இயற்கைக்கு உட்பட்டதே.

நீர்மட்டம் குறைகிறது, அருவி உறைந்துவிட்டது

முதலில் அருவியின் இருபுறமும் பார்க்க வேண்டும். தெறிக்கும் நீர் விளிம்பில் உறைந்து அணை போல் எழும்பும். அதற்குப் பின்னால் ஓடும் நீர் வழி மாறி மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கும். பம்ப் விடாமல் இறைப்பதால் ஒரே இரவில் குளம் பாதியாகிவிடும். கடுங்குளிர் தொடங்கும்போதே அருவியை நிறுத்தி, குழாய்களில் உள்ள நீரை வடித்துவிடுவதே பாதுகாப்பு. புற ஊதா விளக்குள்ள ஃபில்டரைக் கழற்றி உள்ளே வைக்க வேண்டும். அதன் குவார்ட்ஸ் குழலைச் சுற்றி நிற்கும் நீர் உறைந்தால் குழல் உடைந்துவிடும்.

உடலில் பஞ்சு போன்றோ மெழுகு போன்றோ படிந்திருக்கிறது

இரண்டும் வேறு வேறு. உருகிச் சொட்டிய மெழுகுவர்த்தி போல வழவழப்பாக, துடுப்புகளிலும் தோலிலும் ஒட்டியிருப்பது பெரும்பாலும் கெண்டை அம்மை. ஹெர்பிஸ் வகை வைரஸால் வரும் இது குளிரில் தோன்றி வெயில் ஏறியதும் உதிரும். பார்க்க அருவருப்பாக இருந்தாலும் மருந்தோ சுரண்டலோ வேண்டியதில்லை. பஞ்சு போல் வெண்மையாக நீரில் அசைவது பூஞ்சை. அது நலமான தோலில் எளிதில் பற்றாது. ஏற்கெனவே காயம்பட்ட இடத்தில் வளரும். ஆகவே காயத்துக்குக் காரணமான கூரிய கல், கொத்த வந்த பறவை, ஒட்டுண்ணி ஆகியவற்றைத் தேட வேண்டும். 10 டிகிரிக்குக் கீழே பல மருந்துகள் சரியாக வேலை செய்வதில்லை, பிடித்துத் தூக்குவதே மீனுக்குப் பெரும் சுமை. பரவல் சிறிதாக இருந்தால் காத்திருப்பதையும், பெரிதாக இருந்தால் மேலே சொன்ன முறையில் மெல்ல வெப்பமேற்றிய தனித் தொட்டியில் சிகிச்சை செய்வதையும் நான் தேர்ந்தெடுப்பேன்.

மீன்களின் எண்ணிக்கை குறைகிறது, சடலம் இல்லை

கொக்கு அல்லது நாரை. அல்லி இலைகள் மடிந்து மறைப்பு இல்லாமல் போன பின், நாம் அக்கறையோடு திறந்து வைத்த துளையே அவற்றுக்குத் தூண்டிலிடும் இடமாகிறது. துளையின் மேல் கம்பி வலைச் சட்டம் ஒன்றை வைக்க வேண்டும். அகலமான களிமண் குழாய்கள் இரண்டை அடியில் கிடத்தினால் மீன்கள் ஒதுங்க இடம் கிடைக்கும்.

பனி உருகியதும் இறந்த மீன்கள் மிதக்கின்றன

குளிர்ந்த நீரில் சடலம் மெதுவாகவே அழுகும் என்பதால் அது பல நாட்கள் அடியில் கிடந்துவிட்டு வெப்பம் ஏறியதும் மேலே வரலாம். நேற்று இறந்ததாக எண்ணிவிடக் கூடாது. பெரிய மீன்கள் மட்டும் மடிந்து சிறியவை தப்பியிருந்தால் ஆக்சிஜன் பற்றாக்குறையைச் சந்தேகிக்கலாம். சேற்றில் குளிர்காலத்தைக் கழித்த தவளைகளும் சேர்ந்து மடிந்திருந்தால் அடியில் வாயு தேங்கியிருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். சடலங்களை அகற்றி, நீரில் ஒரு பங்கை மாற்றி, காற்றுச் செலுத்துவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சேற்றை முழுவதும் அள்ளும் வேலையை, களைத்திருக்கும் மீன்கள் தெளிந்து உண்ணத் தொடங்கும்வரை தள்ளிப்போடுவது நல்லது.

நீர் 5 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கும்போது புதிதாக மீன்கள் மடிந்துகொண்டேயிருந்தால், அதுவும் வீங்கிய வயிறு, பிதுங்கிய கண், தோலில் இரத்தக் கசிவு ஆகியவற்றுடன் என்றால், கதை வேறு. கெண்டை மீன்களின் வசந்தகால வைரஸ் நோய் இந்த வெப்பநிலையில்தான் வெளிப்படும். பல நாடுகளில் அதை அரசுக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை. குளத்திலிருந்து மீனோ செடியோ நீரோ வேறெங்கும் போகாமல் நிறுத்திவிட்டு, அப்போதே மீன் நோய் அறிந்த கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.